அண்ணன் போட்ட பதினொரு ஓட்டைகள்

நான் வண்டி வாங்கி மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தால், என் ஸ்கூட்டர் தோலுரித்த ஆடு மாதிரி நின்றுகொண்டிருந்தது. பக்கத்து மூடிகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. சீட்டு தனியாகக் கிடந்தது. உரச்சாக்கை விரித்து, அதன்மேல் திருகாணிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு என் அண்ணன் குந்தியிருந்தான். அவன் கையில் செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. அதில் ட்ரில் வைத்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே பண்றே?"

"மூச்சு விட வைக்கிறேன். கம்பெனிக்காரன் இதோட மூக்கைப் பொத்தி வச்சிருக்கான். இன்ஜினுக்குக் காத்து பத்தல. அதான் எருமை மாதிரி ஓடுது."

அந்தப் பெட்டிக்குள் இருந்த, மடித்து மடித்துச் செய்த காகித ஃபில்டர் ஏற்கெனவே வெளியே கிடந்தது. பழசாகிப் பழுப்பேறியிருந்தது. "இது இனிமே வேணாம்" என்று அதைத் தூக்கி வேலியோரம் எறிந்தான்.

யாரைக் கேட்டுப் பிரிச்சே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "திரும்ப மாட்டிடுவேல்ல?" என்று மட்டும் கேட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு கேள்விக்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. காரைக்காலில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கூடத்துக்கு நடந்து வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவது என் பொறுப்பு. பக்கவாதம் வந்து படுத்துக் கிடப்பவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், வயதான சர்க்கரை நோயாளிகள். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியிருப்பதால் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்ப வேண்டும். கோட்டுச்சேரியில் ஆரம்பித்துக் கடலோரத்துக் கோட்டுச்சேரிமேடு, பிறகு டவுன், சில நாள் திருநள்ளாறு வரைக்கும் சுற்று போகும். முதல் இரண்டு வருஷம் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலும் நடந்தும்தான் போனேன். வலது தோளில் வார் அழுந்தி ஒரு கோடு விழுந்து, அது கறுத்தே போய்விட்டது.

பிறகு டவுனில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் தன் பழைய ஸ்கூட்டரைக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டு, என் சேமிப்பை வைத்து வாங்கினேன். சாம்பல் நிறம். அந்த அம்மா மாதா கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் தவிர வேறெங்கும் அதை ஓட்டியதில்லை. "நாப்பதுக்கு மேல போனதே இல்லம்மா" என்று சொல்லி, சாவியோடு வண்டி துடைக்கிற துணியையும் மடித்துக் கொடுத்தார்கள். ஐஸ் பெட்டி கால் வைக்கும் இடத்தில் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. எனக்கு அது போதும். அது எருமை மாதிரி ஓடுகிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஆறு வருஷமாக வரிச்சிக்குடி வீட்டில் இருந்தான். புதுச்சேரி அரசாங்கத்தில் எந்த வேலைக்கு விளம்பரம் வந்தாலும் விண்ணப்பம் போடுவான், பரீட்சை எழுதுவான், பட்டியலில் பேர் வராது. அப்பாவோடு வயலுக்குப் போவது அவனுக்கு இழிவு. பட்டறையில் சேரச் சொன்னால், "டிப்ளமோ படிச்சிட்டு கிரீஸ் தொடைக்கவா?" என்பான். பகலெல்லாம் போனில் வண்டி வீடியோ பார்ப்பான். யாரோ ஓர் ஊரில் யாரோ ஒருவன் இருநூறு ரூபாய்ச் செலவில் இன்ஜினைச் சீறவைப்பான். அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். செய்து பார்க்க அவனிடம் வண்டி இல்லை. அதுவரைக்கும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் வண்டியை எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்திருந்தது. கைப்பிடியை லேசாகத் திருகியதும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல முன்னால் பாய்ந்தது. திருநள்ளாறு ரோட்டில் கும்பகோணம் பஸ்ஸை முந்திக்கொண்டு போனேன். எத்தனையோ நாள் அந்த பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"எப்படிப் போச்சு?"

"நல்லா போவுதுண்ணே. இழுவை ஜாஸ்தியா இருக்கு."

ஆறு வருஷமாக அவன் முகத்தில் நான் பார்க்காத ஒரு தெளிச்சி வந்தது. அன்று இரவு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டான். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினாள். பார்த்தாயா, அவனை ஒழுங்காக ஊக்கப்படுத்தினால் எப்படி இருக்கிறான் என்று அதற்கு அர்த்தம். அவனுக்காகத்தான் விட்டுக்கொடுத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். மீதிப் பாதி, அந்த பஸ்ஸை முந்திய சுகம்.

அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் வண்டி முழுசாக இருந்ததில்லை. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டுமாம். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் போகும் ஜெட் என்ற சின்னப் பித்தளைத் திருகை எடுத்து, அதன் ஊசித் துளையை மெல்லிய கம்பியால் குடைந்து பெரிதாக்கினான். பெல்ட் ஓடும் பெட்டியைத் திறந்து, உள்ளே உருளும் எடைகளை எடுத்துவிட்டு லேசானவற்றைப் போட்டான். கிளம்பும்போது இன்னும் பாய்ந்தது, ஆனால் சும்மா போகும்போதே இன்ஜின் கத்தியது. எங்கள் பக்கம் புதுச்சேரி வரி என்பதால் பெட்ரோல் விலை குறைவு. பொறையார், நாகூர் வண்டிகளெல்லாம் எங்கள் ஊர் பங்கில் வந்து வரிசை கட்டி நிற்கும். அப்படிப்பட்ட ஊரில், வாரம் ஒருமுறை பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த நான் இரண்டு நாளைக்கொருமுறை அந்த வரிசையில் நின்றேன்.

"மைலேஜ் கொறையுதுண்ணே" என்று சொன்னால், "பெர்ஃபார்மன்ஸ் வேணும்னா மைலேஜைப் பாக்கக் கூடாது" என்பான். பெர்ஃபார்மன்ஸ் வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்?

ஒருமுறை அம்மா பீரோவைத் திறந்துவிட்டுக் கூச்சல் போட்டாள். பட்டுப்புடவைக்குள் போட்டு வைத்திருந்த பாச்சை உருண்டை ஒன்றைக்கூடக் காணோம். தேடித் தேடிப் பார்த்தால், எல்லாம் என் பெட்ரோல் டேங்குக்குள் இருந்தன. அதைக் கரைத்தால் பெட்ரோலுக்கு வீரியம் கூடுமென்று எவனோ சொல்லியிருக்கிறான். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பீரோவிலிருந்து எடுத்ததற்குக்கூட அவனிடம் கோபப்படவில்லை. நான் போகுமிடமெல்லாம் புகையில் பழைய பீரோ வாசம் அடித்தது. கோட்டுச்சேரியில் ஒரு வீட்டில், "என்னம்மா, வாசல்ல யாரோ பொட்டியைத் தொறந்தாப்ல நாத்தம்?" என்று கேட்டார்கள்.

சைலன்சரை வெட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே தடுப்பாக இருந்த தகடுகளை வெட்டியெடுத்து வெளியே கடையில் பற்றவைத்துக் கொண்டுவந்தான். அதிகாலை ஐந்தரை மணிக்கு நான் கிளம்பினால் தெருவே எழுந்தது. நான் போவது நோயாளிகள் வீட்டுக்கு. ராத்திரி முழுக்க வலியில் புரண்டு, விடியற்காலையில்தான் கண்ணசந்த ஆட்களை என் வண்டி எழுப்பியது. ஒரு தெரு முன்னாலேயே இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போகப் பழகினேன்.

அந்த மாதமே கோட்டுச்சேரி முக்கில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு வண்டி?"

"என்னுதுங்க சார்."

"சைலன்சரை யாரும்மா வெட்டுனது?"

அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. என் வண்டியை என்னைக் கேட்காமல் ஒருவன் வெட்டினான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நடுரோட்டில் சொல்வதைவிட, செய்தது நான் என்று சொல்வது மேல் என்று தோன்றியது.

"நான்தாங்க."

"நீயா?" அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள். "ரேசுக்குப் போறியா?" ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ரத்தக் குழாய்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து மூடச் சொன்னார். அபராதச் சீட்டைக் கையில் கொடுத்தார்.

வீட்டில் சொன்னதும் அண்ணன், "நீ ஹெல்மெட்டைக் கழட்டிட்டு லேசா சிரிச்சிருந்தா விட்டிருப்பான்" என்றான். அதற்கும் அம்மா சிரித்தாள்.

அந்த வாரமே பழைய சைலன்சர் ஒன்றை வாங்கி மாட்டினேன். அவன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. வண்டியின் சத்தத்தைக் கெடுத்துவிட்டேனாம்.

மழைக்காலம் வந்தது. வலுத்த மழையில் இரண்டு நாள் யார் வீட்டுக்கும் போக முடியவில்லை. மூன்றாம் நாள் வானம் வெளுத்திருந்தது. விட்டுப்போனவர்களையும் சேர்த்து அன்றைக்கு ஏழு பேர். கோட்டுச்சேரிமேட்டில் கடைசியாக ஒரு பாட்டியம்மா. மீன் விற்றுப் பிழைத்தவர், சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்டார். கையில் நரம்பே அகப்படாது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தட்டித் தட்டி, மூன்றாவது குத்தில்தான் அன்றைக்கு ரத்தம் வந்தது. அவருடைய ரத்தத்தில் உப்பின் அளவைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை மாற்ற வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் கூடத்துக்குக் கொண்டுபோய் மெஷினில் சுழற்றி, ரத்தத்தின் தெளிவைத் தனியே பிரிக்காவிட்டால் அந்த அளவு தப்பாகக் காட்டும்.

மேட்டிலிருந்து திரும்பி, இரண்டு பக்கமும் வயலாக இருக்கும் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். வண்டி இருமியது. இன்னொரு முறை இருமியது. நீலப் புகை கக்கிவிட்டு நின்றுவிட்டது.

உதைத்தேன். பத்து, இருபது முறை. செருப்பின் வார் அறுந்தது. முன்னும் பின்னும் ஒரு ஆள் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

"அண்ணே, வண்டி நின்னுடுச்சு. ரத்தம் இருக்கு பொட்டியில. யாருகிட்டயாவது பைக்கு வாங்கிட்டு ஓடியாயேன்."

"இந்நேரத்துக்கு யாருகிட்ட கேக்க? வீடியோ கால் போடு. நான் சொல்ற மாதிரி செய்யி."

போட்டேன். ரோட்டோரத்தில் ஈர மண்ணில் மண்டியிட்டேன். "கேமராவை இன்ஜின்கிட்டக் கொண்டுபோ. இன்னும் கிட்ட. உன் கை மறைக்குது பாரு." ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்பேனர். பிளக்கைக் கழற்றினேன். துடைத்தேன். மாட்டினேன். கார்ப்பரேட்டருக்கு அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தினேன். கை வழுக்கி, விரல் முட்டி உரசி ரத்தம் கசிந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஐஸ் கரையுது."

"பொறு, அவசரப்படாத. இப்ப சோக்கைப் போட்டு உதை."

முக்கால் மணி நேரம் அப்படிப் போனது. கடைசியில், "போன்ல சார்ஜ் இல்லம்மா எனக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தான். வண்டியை வரப்பில் சாய்த்து நிறுத்தினேன். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தேன். பஸ் பிடித்து டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. ஒன்பது மணிக்குள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

கூடத்தை நடத்துகிறவர் குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதை மெஷின்ல போட முடியாதும்மா. ஏழு பேருக்கும் போன் பண்ணிச் சொல்லுங்க. நாளைக்குத் திரும்ப எடுக்கணும்."

மறுநாள் பஸ்ஸிலும் நடந்தும் ஏழு வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. ஐந்து வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையை நீட்டினார்கள். மேட்டிலிருந்த பாட்டியம்மா மட்டும் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நேத்துதானே பாப்பா எடுத்துட்டுப் போன?"

"ஆமாங்க. அது கெட்டுப்போச்சு. என் தப்புதாங்க. இன்னொரு தடவ எடுக்கணும்."

"கெட்டுப்போச்சா?" முதல் நாள் குத்திய இடமெல்லாம் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. அந்தக் கையை மடியில் மறைத்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டினார். "மீனு கெட்டுப்போனா நாங்க காசு கேக்க மாட்டோம். நீ ரத்தத்தைக் கெடுத்துட்டு வந்து திரும்ப ரத்தம் கேக்குற" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய மகள் பக்கத்தில் நின்று அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நான்கு முறை குத்தினேன். நான்காவது குத்தில் அவர் கண்ணோரம் நீர் வழிந்தது.

அந்த வாரக் கடைசியில் கூடத்துக்காரர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"நாளைலேர்ந்து நீங்க உள்ளயே இருங்க. வெளி வேலைக்கு ஒருத்தரைப் போட்டிருக்கேன், பைக்கு வச்சிருக்காரு."

"சார், வண்டியைச் சரிபண்ணிடுறேன் சார். இனிமே இப்படி ஆகாது."

"அதுக்கில்லம்மா. வண்டி கிண்டியெல்லாம் லேடீஸுக்குச் சரிப்பட்டு வராது. அதோட வம்பு உங்களுக்குத் தெரியாது."

அதோட வம்பு எனக்குத் தெரியாதாம். வெளிச் சுற்றுக்கென்று தனியாகக் கொடுத்த படியும் அன்றோடு நின்றது.

வண்டியை மினி லாரியில் ஏற்றி பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். பெட்ரோலோடு வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் விழுந்தன. மோந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாச்சை உருண்டையா?"

தலையாட்டினேன். மழைக்கு நின்ற இரண்டு நாளில் உள்ளே பெட்ரோல் ஆவியாகி, அது உறைந்து, வண்டி ஓடும்போது உதிர்ந்து துளையை அடைத்திருந்தது. அது சின்ன விஷயம் என்றார். பிறகு அந்தக் கறுப்புப் பெட்டியைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் முழுக்க மணல்.

"ஃபில்டர் எங்கம்மா?"

"கழட்டிட்டாங்க."

"யாரு?"

"எங்க அண்ணன்."

"மெக்கானிக்கா?"

"இல்ல. படிச்சிருக்காங்க."

அவர் பெட்டியைத் திருப்பி ஓட்டைகளை எண்ணினார். பதினொன்று. "இது கடலோர ஊரும்மா. காத்துல மணல்தான் வரும். நீ தெனம் மேட்டுப் பக்கம் போயிட்டு வர்ற. அம்புட்டையும் இன்ஜின் தின்னுருக்கு." இன்ஜினைத் திறந்தபோது உள்ளே, பிஸ்டன் ஏறியிறங்கும் சுவரெல்லாம் நகத்தால் பிறாண்டியது போலக் கோடு கோடாக இருந்தது. மேலாகச் செய்கிற வேலையால் தீராது, அந்தச் சுவரைக் கடைந்து வழவழப்பாக்கி, அதாவது போர் அடித்து, புது பிஸ்டன் போட வேண்டும் என்றார். டீச்சரம்மா அத்தனை வருஷம் ஓட்டியும் தேயாத இன்ஜின், எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்தே மாதத்தில் இந்த நிலைக்கு வந்திருந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"வண்டியைத் தொடுறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்தை கேட்டியாண்ணே?"

"உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்? நல்லா போவுதுன்னு நீதானே சொன்னே?"

"அது மொத வாரம் சொன்னது."

"பின்ன? நீ ஓட்டுன லட்சணம் அப்படி. பொம்பளைங்க ஆக்சிலேட்டரைப் புடிச்சா வுடவே மாட்டீங்க. டியூன் பண்ணுன வண்டிக்குன்னு ஒரு ஓட்டுமுறை இருக்கு."

"என் வண்டிய ஏண்ணே டியூன் பண்ணுனே? உனக்கு ஆசைன்னா உனக்குன்னு ஒண்ணு வாங்கிப் பண்ணியிருக்கலாம்ல?"

அவன் கை தட்டிலேயே நின்றது. அவனிடம் காசு இல்லை என்பதைச் சொல்லிக் காட்டிவிட்டேன். தெரிந்துதான் சொன்னேன். "பாரும்மா, உன்னுது என்னுதுன்னு பிரிச்சுப் பேசுறா" என்றான் அம்மாவிடம்.

அம்மா என்னைப் பார்த்தாள். "கல்யாணமாகிப் போறப்ப வண்டியையும் தூக்கிட்டா போவப் போறே? வீட்டுல இருக்குற வண்டி. ஆம்பளப் புள்ள ஆசையா ரெண்டு வேலை செஞ்சான். அதுக்குப் போயி ஆயிரம் பேச்சு."

"சோத்துல கைய வச்சுக்கிட்டு என்ன சண்டை?" என்றார் அப்பா. அந்தச் சண்டையில் அவர் பேசியது அவ்வளவுதான்.

அம்மா சொன்னதில் ஒரு நியாயம்கூட இருந்தது, அதுதான் கசப்பு. அந்த வீட்டில் என்னுடையது என்று எதுவும் இருந்ததில்லை. வண்டி மட்டும் எப்படித் தனியாக என்னுடையதாகும்?

போர் அடித்து வாங்கினேன். ஓட்டைகளைப் பசை வைத்து அடைத்து, புது ஃபில்டர் போட்டேன். வண்டி பழையபடி எருமையாகிவிட்டது, ஆனால் அதை ஓட்டிக்கொண்டு போக எனக்கு வேலைதான் இல்லை. வீட்டிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து வீட்டுக்கு. சாவியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு தூங்கினேன்.

சில மாதம் கழித்து, கூடத்தில் என்னோடு வேலை பார்த்த பெண் போனை நீட்டினாள். "இது உங்க வண்டிதானே? குரலு உங்களுது மாதிரியே இருக்கு."

என் வண்டிதான். ரோட்டோரத்தில் மண்டியிட்டிருந்த அன்று அண்ணன் அந்த வீடியோ காலை முழுவதும் பதிந்து வைத்து, நெட்டில் போட்டிருக்கிறான். என் விரல்கள், கசியும் முட்டி, பிளக். மேலே அவன் குரல், ஆசிரியர் மாதிரி. ரோட்டில் நின்ற வண்டியைப் போனிலேயே சரிசெய்வது எப்படி என்று தலைப்பு. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தது அதில் இல்லை. வேறு ஏதோ ஒரு நாள் எடுத்த, வண்டி கிளம்பும் சத்தத்தைக் கடைசியில் ஒட்டியிருந்தான். 'அண்ணே, ஐஸ் கரையுது' என்று நான் சொல்லும் இடத்தைப் பலபேர் ரசித்திருந்தார்கள். என் குரலைக் கேலி செய்து கீழே எழுதியிருந்தார்கள். அண்ணனைப் பாராட்டியும் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள்.

அவனிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். மூஞ்சி தெரியலேல்ல, அப்புறம் என்ன?

அது மாதிரி அவன் போட்ட வீடியோக்களைப் பார்த்துத்தான் அவனைத் தேடி ஆள் வர ஆரம்பித்தது. முதலில் எங்கள் வாசலில் செய்தான். பிறகு அப்பா ஒரு போக நெல்லை விற்றுக் கொடுத்து, டவுனில் சின்னதாக ஒரு கடை போட்டுக் கொடுத்தார். கடை திறந்த அன்று உறவுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அண்ணன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். குத்துவிளக்கு ஏற்றும் நேரம் வந்ததும் என்னைக் கூப்பிட்டான்.

"மொத வண்டி இவளோடதுதான். எந்தங்கச்சியே ஏத்தட்டும்."

கைதட்டினார்கள். ஏற்றினேன். வேறென்ன செய்ய? ஐந்து திரியும் எரியும்வரை என் பின்னால் நின்றிருந்த அம்மா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அன்றைக்கே முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார். பொறையார்க்காரர், ஸ்கூட்டர் வைத்திருந்தார். ஃபில்டரைக் கழற்றிவிட்டால் இழுவை கூடுமாமே என்று கேட்டார். அண்ணன் பதறிப்போனான்.

"அய்யய்யோ, அத மட்டும் தொடவே கூடாதுங்க. நம்ம பக்கம் மணல் காத்து. அஞ்சே மாசத்துல போர் போயிடும். எத்தனையோ வண்டியில பாத்துருக்கேன்."

எத்தனையோ வண்டியில். நான் சுவரோரம் கேசரித் தட்டோடு நின்று அதைக் கேட்டேன். அவன் என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் மறைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அவனுக்கு அது அவன் கற்றது, அவ்வளவுதான். நல்ல தொழில்காரன் என்று இன்று பெயர் எடுத்துவிட்டான். யாருடைய இன்ஜினும் அவன் கையில் கெட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அந்த வருஷமே வண்டியை விற்றுவிட முடிவு செய்தேன். திருநள்ளாற்றில் கோயில் பக்கம் எள் விளக்கும் கறுப்புத் துணியும் விற்கிற ஒரு பெண் வாங்க வந்தாள். என் வயதுதான் இருக்கும். டவுனிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டுமாம். பஸ்ஸில் மூட்டைக்கு இடம் தர மாட்டேன் என்கிறார்களாம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். கால் வைக்கும் இடத்தைக் கையால் அளந்தாள்.

"இன்ஜின்ல ஏதும் கை வச்சிருக்கீங்களாக்கா? எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்றதுதான்."

பசை வைத்து அடைத்த பெட்டி மூடிக்குள் இருந்தது. ஒருமுறை திறந்து பிஸ்டன் மாற்றிய இன்ஜின். குடைந்த ஜெட்டை அப்படியே விட்டிருந்தேன், புதுசு வாங்கவில்லை. சொல்லியிருந்தால் விலை குறைந்திருக்கும், அல்லது அவள் வேண்டாம் என்று போயிருப்பாள். எனக்கு அந்த வண்டி என் வாசலைவிட்டுப் போனால் போதுமென்று இருந்தது.

"இல்லம்மா. ஒரு டீச்சர் வச்சிருந்த வண்டி. யாரும் தொட்டதில்ல."

அவள் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஒருநாள் கும்பகோணம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். உச்சி வெயில். திருநள்ளாற்றுக்கு முன்னால் ரோட்டோரத்தில் அவள் என் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன்னால் மூட்டை, பின்னால் மூட்டை. முகமெல்லாம் வியர்வை. பஸ் அவளை ஒட்டித்தான் போனது. நான் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கலாம். எங்கே கோளாறு இருக்கும், எந்தத் திருகைத் தளர்த்த வேண்டும் என்று அந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்க முடியாது.

நான் இறங்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வெயிலுக்கு மூடுகிறவள் போல, மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.